ஆறுவதற்குள் குடித்தவர்

எண்பதுகளில் ஒரு காலை. திருப்பதி பஸ் நிலையத்து டீக்கடையில், சந்தனம் பூசிய மொட்டைத் தலைகளுக்கு நடுவே, ஒல்லியான கண்ணாடிக்காரர் ஒருவர் கொதிக்கும் டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். சித்தூர்க்காரராம், வெளிநாட்டில் மூளையைப் படமெடுக்கும் ஆராய்ச்சியாம்.

“பஸ்ஸுக்கு நேரம் இருக்குதே, ஏன் சார் அவசரம்?” என்றேன்.

“வேலையில வந்த பழக்கம். கதிர்வீச்சு மருந்து, செஞ்ச நிமிசத்துலேர்ந்து வீரியம் கொறைஞ்சிக்கினே வரும். அதுக்குள்ள ஊசியில ஏத்தி, மூளையில எங்க போய்ச் சேருதுன்னு படம் புடிக்கணும். எடுத்துக்கினு ஓடுவோம்.”

என்னோடு வந்திருந்த நைனா, என் அப்பா, நடுங்கும் வலக்கையை அவரிடம் நீட்டினார். “இதுக்கும் மண்டையிலதான் காரணமா, தம்பி?”

அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். கடிகாரத்தை மறந்துவிட்டார். “ஆமாங்க. அந்த எடம் இப்பதான் படத்துல தெரிய ஆரம்பிச்சிருக்குது. நடுக்கம் வர்றதுக்கு முன்னாடியே கண்டுபுடிக்கணும். அதுக்கு வருசக்கணக்கா ஆவும்.”

“அப்ப எனக்கு ஒதவாது.”

“ஒதவாதுங்க,” என்றார், தயங்கித்தான். “உங்க புள்ளைக்கு ஒதவலாம்.”

நைனா என்னைப் பார்த்தார். பிறகு கையை விடுவித்துக்கொண்டார்.

“அப்ப ஏன் நின்னுக்கினு இருக்க? ஓடு.”

எனக்கு இப்போது நைனாவின் அன்றைய வயது. கை நடுங்கவில்லை. ஆனாலும் அந்த மனிதர் எங்கோ ஓடிக்கொண்டிருப்பார் என்று நினைப்பதில் ஒரு தெம்பு.