எண்பது நம்பர் பொடி

என் வீட்டுக்காரர் கல்ஃப் வேலையை முடித்துக்கொண்டு ஊரோடு வந்தபோது, இனி இந்த மனுஷனுக்கு மூன்று வேளை பொங்கிப் போடுவதுதான் என் பாடு என்று நினைத்தேன். அதோடு போயிருந்தால் எவ்வளவோ நல்லது. வந்த மூன்றாம் மாசம், அடுக்களைக்குப் பின்னால் இருக்கிற வர்க் ஏரியாவில் ஒரு மிஷினைக் கொண்டுவந்து வைத்தார். என் வாஷிங் மெஷினை ஓரமாகத் தள்ளிவிட்டு வைத்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒரு மோட்டார், இரண்டு உருளை, அவற்றின்மேல் படுத்தபடி சுழலும் ஒரு ரப்பர் டப்பா. அவ்வளவுதான் மிஷின். முட்டம் கடற்கரையிலிருந்து கல் பொறுக்கி வருவார். கட்டரால் சதுரமாக்கி, மூலைகளைச் செதுக்கி, தண்ணீரும், கல்லைத் தேய்க்கிற கார்பரண்டம் பொடியும் சேர்த்து டப்பாவில் போட்டு மூடுவார். அது ராவும் பகலும் உருளும். முதலில் எண்பது நம்பர் பொடி, சீனி போல நறநறவென்று இருக்கும். பிறகு அதைவிட நைசு, அதைவிட நைசு. கடைசியில் பாலீஷ், முகத்துக்குப் போடும் பவுடர் மாதிரி. ஆறு வாரம் கழித்து ஏழெட்டு உருண்டை பளபளவென்று வெளியே வரும். அவற்றை ஷோகேஸில் வைத்துவிட்டு, திரும்ப எடுத்து, குறுக்கே நெடுக்கே அளந்து பார்ப்பார்.

எனக்குக் கிடைத்தது சத்தம் மட்டும்தான். கடகடவென்று விடாமல். சோறு வடிக்கும்போதும் அது, ஜெபம் சொல்லும்போதும் அது. அந்தப் பக்கம் வாரியலை எடுத்துக்கொண்டு போனால்கூடச் சீறுவார். "இங்க பெருக்காத. பாலீஷுக்குள்ள எண்பது நம்பர் ஒரு துளி விழுந்தாப் போதும், எல்லாக் கல்லும் கீறிப்போவும். முதல்லேருந்து வரணும்."

இரணியலில் கட்டிக்கொடுத்த எங்கள் ஒரே மகளுக்கு அப்போது ஒன்பதாம் மாசம். ஞாயிற்றுக்கிழமை பலகாரம் கொண்டுபோய் அவளை முதல் பேறுக்குக் கூட்டிவர வேண்டும். முந்திரிக்கொத்துக்குப் பயறு வறுத்துக்கொண்டு இருக்கும்போது போன் செய்தாள்.

"அம்மா, எனக்குப் பிரஷர் இருக்கு. நல்லா ஒறங்கணும்னு டாக்டர் சொல்லியாச்சு. அந்த மிஷின் ஓடுக வீட்டுக்கு நான் வரமாட்டேன். மாமி கூட இங்கயே இருந்துக்கிடுகேன்."

ஊர் என்ன சொல்லும் என்பது கிடக்கட்டும். பேறு முடிந்தவளை நான் வெந்நீரூற்றிக் குளிப்பாட்ட வேண்டும். பிள்ளையை என் மடியில் வளர்த்து மூன்று மாசம் கழித்து அனுப்ப வேண்டும். எனக்கு அது மட்டும்தான் வேண்டியிருந்தது. அவரிடம் சொன்னேன்.

"சனிக்கிழமை பாலீஷ் முடியும். அதோட நிறுத்துகேன். பிள்ளைக்கு மூணு மாசம் ஆகுறவரைக்கும் தொடமாட்டேன்."

"இன்னைக்கே நிறுத்துங்க."

"பாதியில நிறுத்துனா உள்ளே உள்ள சேறு சிமிண்டு மாதிரி பிடிச்சுப்போவும். ஒனக்கு இது வெளங்காது."

எனக்கு விளங்காதாம். கல்யாணம் ஆன நாள் முதல் எதைக் கேட்டாலும் இதே பதில். அன்று செவ்வாய்க்கிழமை. மறுநாள் அவர் மீன் வாங்கச் சந்தைக்குப் போன நேரம், மோட்டாரை நிறுத்தி டப்பாவைத் திறந்தேன். எண்பது நம்பர் பொடி பாட்டிலிலிருந்து ஒரு ஸ்பூன் எடுத்து உள்ளே தட்டினேன். பாட்டிலையும் டப்பாவையும் மூடி, திரும்ப ஓடவிட்டேன். கல் பாழானால் மனம் வெறுத்து மிஷினைத் தூக்கிக் கடாசுவார் என்று என் மனக்கணக்கு.

சனிக்கிழமை டப்பாவைத் திறந்தார். உருண்டைகள் வெளிறி, பூனை பிறாண்டியது போலக் கீறிக் கிடந்தன. சத்தம் போடுவார் என்று காத்திருந்தேன். அவர்பாட்டுக்கு எல்லாவற்றையும் கழுவினார். எண்பது நம்பர் பொடியைப் போட்டு, முதலில் இருந்து ஓட்டினார்.

பிளக்கைப் பிடுங்கினேன். சொருகினார். மறுபடியும் பிடுங்கினேன். மறுபடியும் சொருகினார். அந்த நேரம் பார்த்து மகளின் போன்; சனிக்கிழமையோடு மிஷின் நிற்கும் என்று அவளிடம் சொல்லியிருந்தேன்.

"சத்தம் கேக்குதேம்மா. அப்பா நிறுத்தலியா?"

போனைக் கையால் பொத்திக்கொண்டு முற்றத்துக்கு ஓடினேன். "சரிம்மா," என்று வைத்துவிட்டாள். அதன்பிறகு நான் எத்தனை கெஞ்சியும் வரவில்லை. அந்தக் கல் நைசுப் பொடிக்கு வருவதற்குள் இரணியலில் பேறு முடிந்து, பெண்பிள்ளை பிறந்துவிட்டது.

பார்க்கப் போனோம். விருந்தாளிக்குப் போடுவது போல இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். பிள்ளையை என் மடியில் வைத்தார்கள். அதன் விரலைப் பிரித்துப் பார்க்கிறேன், அதற்குள் சம்பந்தியம்மா வந்து, "குளிப்பாட்ட நேரமாச்சு, தாங்க," என்று வாங்கிக்கொண்டு போனாள். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. நான் டீயைக் குடித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் மிஷின் பக்கம் போனார். பின்னாலேயே போனேன்.

"அந்தப் பொடியைப் போட்டது நான்தான்."

அவர் திரும்பவில்லை. "தெரியும். பாட்டில் மூடியை நான் அப்படி இறுக்குகதில்ல. இந்த வீட்டுல கை நோவுக மாதிரி மூடுகது நீதான்."

"தெரிஞ்சுமா திரும்பப் போட்டீங்க? மக வரமாட்டாள்னு தெரியும்லா?"

"சனிக்கிழமைவரை பொறுத்திருந்தா வந்திருப்பாள்னு ஒனக்கும் தெரியும்லா. ஆனாலும் என்னைத் தோக்கடிக்கணும்னுதானே போட்டே. எனக்கும் அப்படித்தான் இருந்துது."