அந்தப் புளியங்கிளையை வெட்டியது யார்?

1940ஆம் ஆண்டு, தமிழ்க் கணக்கில் விக்கிரம வருஷம். ஆனி மாதக் கடைசியில் அடித்த ஒரு காற்றில் தொடங்கி, மறு மாசியில் முடிந்த சங்கதி இது. நாள் விவரங்களைப் பஞ்சாங்கத்தின் ஓரத்தில் குறித்து வைப்பது எனக்கு இளவயதிலிருந்தே பழக்கம். ஆகவே மாதங்களில் பிசகு இருக்காது. இடம், பரமத்தி வேலூரிலிருந்து நாமக்கல் போகும் சாலை. ஊரைத் தாண்டியதும் சாலையோரமாக எங்கள் ஓட்டு வீடு இருந்தது. நான் அப்போது வேலூரில் ஒரு வெற்றிலை மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.

வீட்டு வாசலில் பெரிய புளியமரம் ஒன்று நின்றது. அதன் கிளைகளில் மிகப் பெரியது எங்கள் கூரைக்கு மேலாக நீண்டு கிடந்தது. ஆனிக் காற்றில் அந்தக் கிளை தாய்மரத்தோடு சேரும் இடத்தில் வெடித்துவிட்டது. கீழே நின்று பார்த்தாலே கை நுழையும் அளவுக்குப் பிளவு தெரிந்தது. அதற்கு நேர் கீழேதான் என் மனைவி படுக்கும் அறை. அவளுக்கு அப்போது ஐந்தாம் மாதம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவதுதான் முறை. ஆனால் அவளுக்குத் தகப்பனார் இல்லை. தாயாரும் எங்களோடுதான் இருந்தார். பிரசவம் எங்கள் வீட்டில்தான் என்று முடிவாகியிருந்தது. வேறு வீடு பார்க்கலாமா என்று கேட்டதற்கு, கர்ப்பிணியை வைத்துக்கொண்டு குடிமாறக் கூடாது என்று மாமியார் ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

கிளையை நாமே வெட்டிவிடலாம் என்றால் அதுவும் முடியாது. சாலை மரங்கள் ஜில்லா போர்டுக்குச் சொந்தம். அனுமதி இல்லாமல் கை வைத்தால் அபராதம். மரத்தின் காய்ப்பை மட்டும் வருஷா வருஷம் ஏலம் விடுவார்கள். எங்கள் பக்கத்துச் சாலையின் காய்ப்பை அந்த வருஷமும் ஏலத்தில் எடுத்திருந்தவர் ஒரு விதவை அம்மாள். ஐம்பது வயது இருக்கும். மாசி பங்குனியில் ஆட்களோடு வந்து புளி உலுக்கி, மரத்தடியிலேயே சமைத்துச் சாப்பிட்டுவிட்டுப் போவார். அதற்கு மேல் எனக்குப் பழக்கம் இல்லை.

ஆடியில் நான் போர்டுக்கு மனு எழுதினேன். கிளை வீட்டின் மேல் விழும் நிலையில் இருக்கிறது, அதை அப்புறப்படுத்தித் தர வேண்டும் என்று கேட்டிருந்தேன். புரட்டாசியில் ஓவர்சியர் வந்தார். குத்தகைதாரர் என்ற முறையில் அந்த அம்மாளையும் வரச்சொல்லியிருந்தார். அந்த அம்மாள் அண்ணாந்து கிளையைப் பார்த்தார். பிறகு என் வீட்டைப் பார்த்தார்.

“ஏனுங்க, இந்த ஊடு கட்டறப்ப மரம் இங்கதானுங்க நின்னுது. ஊடுதான் மரத்துக்கு அடியில வந்து ஒக்காந்துக்கிச்சு” என்றார்.

ஓவர்சியர் சிரித்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது.

“காயி முக்கால்வாசி இந்தக் கெளையிலதானுங்க. மாசியில நான் காய எடுத்துக்கறேன், பொறவு மரத்தையே வேணும்னாலும் வெட்டிக்கட்டும். இப்ப நான் ஒத்துக்க மாட்டேன்.”

“மழைக்காலம் வருதும்மா. கிளை மாசி வரைக்கும் நிற்குமா?” என்று ஓவர்சியர் கேட்டார்.

“நின்னா எனக்கு. உளுந்தா அவியளுக்கு” என்று சொல்லிவிட்டு அவர் நடந்துவிட்டார்.

ஆட்சேபத்தைக் குறித்துக்கொண்டாலும், வீட்டுக்கு ஆபத்து என்பதால் ஓவர்சியர் சாதகமாகவே எழுதினார். ஐப்பசி முதல் வாரத்தில் உத்தரவு தபாலில் வந்தது. சந்தோஷமாகப் பிரித்துப் படித்தேன். கிளையை மனுதாரர் தம் சொந்தச் செலவில், தம் பொறுப்பில், அந்த மாதத்துக்குள் வெட்டிக்கொள்ள அனுமதிக்கப்படுகிறது என்று அதில் இருந்தது. போர்டு ஆட்கள் வந்து வெட்டுவார்கள் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டிலும் அப்படித்தான் சொல்லியிருந்தேன்.

உத்தரவை வாசித்துக் காட்டியதும் மாமியாரின் முகம் மாறிவிட்டது.

“அவிய வெட்டுவாங்கன்னுதானுங்க மாப்பிள்ளை சொன்னீங்க? முழுகாம இருக்கறவ புருசன் பச்ச மரத்துல கை வெக்கறதா? என்னுங்க பேசறீங்க?”

கர்ப்பிணியின் கணவன் மரம் வெட்டக் கூடாது என்ற வழக்கம் எனக்குத் தெரியாதது அல்ல. நான் நாலு புத்தகம் படித்தவன். மரத்துக்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் சம்பந்தம் கிடையாது என்பது என் எண்ணம். நான் கோடாலியைத் தொடப்போவதில்லை, கூலிக்கு ஆள் வைத்துத்தான் வெட்டப்போகிறேன் என்று சமாதானம் சொன்னேன். மனைவி வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஆனால் கூலிக்கும் ஆள் கிடைக்கவில்லை. மரம் வெட்டுகிற ஒருவர் வந்து கிளையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எப்படி வடம் கட்டி இறக்குவது என்றுகூடச் சொன்னார். கடைசியில், “ஊட்டுல அம்மிணிக்கு எத்தன மாசமுங்க?” என்று கேட்டார். சொன்னேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“உங்ககிட்டக் கூலி வாங்கிட்டு நான் வெட்டுனா, நீங்க வெட்டுன மாதிரிதானுங்க சாமி. அம்மிணி நல்லபடியா எந்திரிக்கட்டும், பொறவு கூப்புடுங்க. சும்மாவே வெட்டித் தாரேன்.”

இன்னும் இரண்டு பேரிடம் கேட்டேன். இதே பதில்தான். சைக்கிளில் நாமக்கல் போய் ஓவர்சியரைப் பார்த்தேன். நல்ல மனிதர். “அனுமதி கொடுக்கலாம் தம்பி. வெட்டிக் கொடுக்க என்னிடம் ஆளும் இல்லை, பணமும் ஒதுக்கவில்லை. சாலையில் மரம் விழுந்தால் எடுக்கத்தான் ஏற்பாடு இருக்கிறது” என்றார். உங்கள் வீட்டின் மேல் விழுந்தால் அதுவும் இல்லை என்பதை அவர் சொல்லவில்லை. நானே புரிந்துகொண்டேன்.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு மழைக்கும் கிளை கனத்து, ஓட்டைத் தொடும் அளவுக்கு இறங்கியது. மனைவியை அடுப்படியில் படுக்க வைத்தோம். அதுவும் அதே கூரைதான். சர்க்கார் அனுமதித்துவிட்டது, வீட்டில் அனுமதி இல்லை. கையில் உத்தரவு இருந்தும் ஒரு சுள்ளியை ஒடிக்க எனக்கு வழி இல்லாமல் போயிற்று. பிடிவாதமாக வெட்டலாம். வெட்டிய பிறகு பிரசவத்தில் ஏதாவது ஒன்று ஆகிவிட்டால்? அதை நினைத்தால் படித்த படிப்பு ஒன்றும் கைகொடுக்கவில்லை.

ஐப்பசி முடிய நாலைந்து நாள் இருக்கும்போது, ஒரு காலையில் அந்தக் குத்தகைக்கார அம்மாள் வாசலில் வந்து நின்றார். கூட மூன்று ஆட்கள், கோடாலி, வடக்கயிறு, சாக்குகள். சந்தையில் விஷயத்தைக் கேள்விப்பட்டிருக்கிறார். என் திண்டாட்டத்தை வேடிக்கை பார்க்க வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

“காயெடுக்க வந்தேனுங்க” என்றார்.

“இப்போதா? பிஞ்சாக இருக்கிறதே!”

“எங் காயி. பிஞ்சுல எடுப்பேன், பழுத்தாலும் எடுப்பேன். இந்தக் கெளையில காய உலுக்க முடியாது, வெடிச்சுக் கெடக்குது. அதனால கெளையோட எறக்கிக்கறேன். போர்டு உத்தரவுதான் ஆச்சுதுங்களே?”

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. கூலியாவது நான் தருகிறேன் என்று உள்ளே திரும்பினேன். அவர் குரல் சட்டென்று உயர்ந்தது.

“காசு கீசுன்னு எடுத்தீங்கன்னா நான் ஆளக் கூட்டிக்கிட்டுப் போயிருவேன். உங்க காசு ஒண்ணும் இதுல வரக் கூடாது. நீங்க மண்டிக்குக் கெளம்புங்க தம்பி. கெளை எறங்கற வரைக்கும் இந்தப் பக்கம் வராதீங்க. கயித்தப் புடிக்கறேன், கொம்பத் தள்ளறேன்னு வந்து நின்னீங்கன்னா பாத்துக்கங்க.”

மாமியார் கதவுக்குப் பின்னாலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு செம்பில் மோரோடு வெளியே வந்து அந்த அம்மாளிடம் நீட்டினார். மகளைக் கூட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டார். நான் மண்டிக்குப் போனேன். ஆகவே கிளை இறங்கியதை நான் பார்க்கவில்லை. சாயங்காலம் வந்தபோது கூரைக்கு மேல் வெறும் ஆகாயம் இருந்தது. ஏழெட்டு ஓடுகள் உடைந்திருந்தன. போர்டுக்குச் சேர வேண்டிய கட்டை சாலையோரம் ஒழுங்காக அடுக்கியிருந்தது. பிஞ்சுக் காய்களைச் சாக்கில் கட்டி எடுத்துப் போயிருந்தார்கள். தொக்குப் போடக்கூட உதவாத பிஞ்சு அது. வாசலில் ஒரு கொத்தை மட்டும் வைத்து, “அம்மிணிக்கு வாய்க்கு நல்லா இருக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

கார்த்திகையில் குழந்தை பிறந்தது. ஆண் குழந்தை. கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. மருத்துவச்சி எவ்வளவோ பாடுபட்டார். அழுகை கேட்கவே வெகு நேரம் ஆயிற்று. தொட்டில் கட்டும் நாள் வருவதற்கு முன்பே போய்விட்டான்.

உறவுக்காரர்கள் வந்தார்கள். வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தோம். மனைவிக்குப் பெரியப்பா முறை ஆகிற ஒருவர் மெதுவாகத் தலையைத் தூக்கி, மரத்தில் கிளை வெட்டிய வடுவைப் பார்த்தார்.

“வயித்துப் புள்ளக்காரி இருக்கற ஊட்டுல பச்ச மரத்துல இரும்பு பட்டா இப்படித்தான் ஆகும்” என்றார்.

எல்லாருடைய கண்ணும் என் பக்கம் திரும்பியது. கொடி சுற்றியதுதான் காரணம் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் எனக்கே ஒரு சந்தேகம் வந்துவிட்டது என்பதுதான் உண்மை.

துக்கம் கேட்க வந்து, சற்றுத் தள்ளி நின்றிருந்த குத்தகைக்கார அம்மாள் முன்னால் வந்தார்.

“வெட்டுனது நானுங்க. எங் காயி, எங் கோடாலி, எங் கூலியாளுக. அந்தத் தம்பி ஊட்டுலயே இல்ல, மண்டியில இருந்துது. கேக்கறதுன்னா என்னக் கேளுங்க.”

“பிஞ்சுல எதுக்கு வெட்டுனே?”

“ஆச! காய் மேல ஆச. வெட்டிப்போட்டேன். போதுமுங்களா?”

பெரியவர் முணுமுணுத்துவிட்டு அடங்கிவிட்டார். அதற்குப் பிறகு ஊரில் அந்த அம்மாளைப் பற்றிப் பலவிதமாகப் பேசிக்கொண்டார்கள். என்னைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் பேசவில்லை.

மாசியில் மிச்சக் கிளைகளில் புளி உலுக்க அவர் வந்தபோது, மரத்தடிக்குப் போய் ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். பழத்தைத் தட்டி ஓட்டை நீக்கிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார்.

“என்ற ஊட்டுக்காரரும் ஒரு வேப்பமரத்த வெட்டுனாருங்க. எனக்கு அப்ப எட்டு மாசம். கொழந்த தங்குல. மரத்தாலதான் போச்சோ, எதால போச்சோ, ஆரு கண்டா? ஊரு சொன்னதுகூடப் பெருசில்லீங்க தம்பி. ‘நீங்கதானே வெட்டுனீங்க’ன்னு நானே கேட்டுப்போட்டேன். மனுசன் ஆமான்னாரு. அதுக்கப்புறம் சாகற வரைக்கும் எங்கூட ஒக்காந்து ஒரு வாய் நெறயச் சோறு தின்னதில்லீங்க.”

அவ்வளவுதான் பேச்சு. ஆட்களை அதட்டிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போய்விட்டார். மறு வருஷ ஏலத்தில் அந்தச் சாலை வேறு ஒருவருக்குப் போயிற்று. அந்த அம்மாளை நான் பிறகு பார்க்கவில்லை.

எங்களுக்கு அப்புறம் இரண்டு பெண்கள் பிறந்தார்கள். மூத்தவள் வயிற்றில் இருந்தபோது ஒரு நாள், வாசல் தெளித்துக்கொண்டிருந்த என் மனைவி அண்ணாந்து அந்த வடுவைப் பார்த்தபடியே கேட்டாள். “கெளை வெட்டுன அன்னைக்கு நீங்க மண்டியிலதானுங்களே இருந்தீங்க?”

“ஆமா” என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு மிச்ச வாசலைத் தெளித்தாள். மறுபடி கேட்டதே இல்லை. எங்கள் இத்தனை வருஷக் குடித்தனமும் அந்த ஒரு ‘ஆமா’வின் மேல் நிற்கிறது என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றுகிறது. அது பொய்யாக இல்லாதபடி பார்த்துக்கொண்டவர், அன்று காலையில் என்னை அதட்டி மண்டிக்கு விரட்டிய அந்த அம்மாள்தான்.