சத்துணவு அண்டா

என் அம்மா மாரமங்கலம் பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருந்தாள். அந்த வேலையில் அவளுக்குப் பெருமையும் உண்டு, பயமும் உண்டு. பயம் மட்டும் குறையாமல் எனக்கு வந்திருக்கிறது.

தேர்தல் சமயத்தில் ஒருநாள் மாமா பள்ளிச் சமையலறைக்கே வந்துவிட்டார். அம்மாவின் ஒரே அண்ணன். கட்சியில் கிளைச் செயலாளர். கரடியூரில் கூட்டம், வருகிறவர்களுக்குப் பிரியாணி, அதற்குப் பள்ளி அண்டா வேண்டுமாம். அம்மா முடியாது என்றாள்.

"அண்டா என்ன ஓட்டாப் போடப் போவுது, அம்மிணி?"

"கவர்மெண்டு சாமானுங்க அண்ணா. கட்சிக்குக் குடுத்தா என்ற வேலைக்கே ஆபத்துங்க."

"அண்டாவுல எழுதியிருக்கற பள்ளிக்கூடத்துப் பேரைச் செவுத்துப் பக்கம் திருப்பி வெச்சுக்கறேன்."

"கரடியூர் மைதானத்துல செவுரு எங்கீங்க இருக்குது?"

மாமாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இனி உன் ஊட்டுப் பக்கமே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடியே வரவும் இல்லை. மாமா வழக்கமாக வரும் ஏற்காட்டு பஸ் வந்து நிற்கும்போதெல்லாம் அம்மா கையிலிருந்த வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்ப்பாள். கொடுத்திருக்கலாமோ என்று அப்பாவிடம் முணுமுணுப்பாள். மாமா வராததால் பிரியாணிக் கூட்டத்துக்கு என்னை அழைத்துப்போக ஆளில்லை. அம்மா கஞ்சம் என்று நான் முடிவுகட்டியிருந்தேன். இன்று என் மகளிடம் எதையாவது மறுத்துவிட்டு, சரியாகத்தான் செய்தேனா என்று தவிக்கும்போது அந்த முணுமுணுப்பு காதில் கேட்கிறது.

அடுத்த வாரம் எதிர்க்கட்சிக்காரர்கள் வந்தார்கள், அதே அண்டாவுக்கு. யாருக்கும் தருவதில்லை என்று அம்மா சொன்னதை அவர்கள் நம்பவில்லை. அண்ணனுக்கு மட்டும் கொடுத்திருப்பாள் என்று பேசிக்கொண்டே பஸ் நிறுத்தத்து டீக்கடைக்குப் போனார்கள். பள்ளி விட்டு நானும் அவ்வழியே நடந்தேன். கடையில், ஓட்டுக் கேட்க வந்திருந்த மாமா உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்க, உங்களுக்கு மட்டும் அண்டா கிடைச்சுதாமா?"

"எனக்கே இல்லீன்னுட்டா என்ற தங்கச்சி. உங்களுக்குக் குடுத்துருவாளாக்கும்?"

கடை முழுக்கக் கேட்கும்படி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "வா கண்ணு, ஊட்டுக்குப் போலாம்" என்று பையை வாங்கிக்கொண்டார்.

அன்று அம்மா அவருக்குக் காபி போட்டபோது, சர்க்கரையை இரண்டு முறை போட்டுவிட்டாள். மாமா முகம் சுளிக்காமல் குடித்தார்.

கோபித்துக்கொண்டு போன விஷயத்தையே ஒருவர் இத்தனை பெருமையாகச் சொல்வாரா? மாமா கட்சி மாறிவிட்டார் என்றுதான் அந்த வயதில் நான் நினைத்துக்கொண்டேன்.