விரல் தெரியணும்

கடைக்குள் காலை வைத்ததும் செயலாளரம்மா சொல்கிற முதல் வார்த்தை, "இந்த லைட்டையெல்லாம் கொஞ்சம் அணைச்சிடுங்க." வீடியோ கேமரா வாங்க வந்தவர் கடையை ஏன் இருட்டாக்குகிறார் என்று விற்பவர்கள் விழிப்பார்கள். அவர் செயலாளராக இருக்கும் காது கேளாதோர் சங்கத்தின் கூடத்தில் இருப்பது ஒரு குழல்விளக்கும் ஒரு ஜன்னலும்தான். அந்த வெளிச்சத்தில் விரல் தெரியாத கேமரா அவருக்கு வேண்டாம்.

ஜவுளிக்கடையில் இருபது வருடம் நின்று துணி விரித்தவர். பேரத்தின் இரண்டு கரையும் தெரியும். கணவர் வெல்டர், சங்கத்தின் தலைவர், பிறவியிலேயே காது கேட்காதவர். அவரோடு கையால் பேசிப் பேசி, போனில் பேசும்போதுகூடச் செயலாளரம்மாவின் இன்னொரு கை காற்றில் பேசிக்கொண்டிருக்கும். சண்டை வந்தால் கணவர் கண்ணை மூடிக்கொள்வாராம். "அதோட சண்டை முடிஞ்சுது. அப்புறம் யார்கிட்டப் போய்க் கத்துறது?"

கேமரா ஆசை போன மழையில் பிறந்தது. ஆற்றோரத் தெருவைக் காலி செய்யச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டு போனார்கள். சங்கத்தின் மூத்த உறுப்பினரான தச்சர் வீட்டுக்குள் பலகை இழைத்துக்கொண்டிருந்தார். தண்ணீர் முழங்காலைத் தொட்டபோதுதான் அவருக்குச் சேதி கிடைத்தது. ஆளைத் தூக்கி வந்துவிட்டார்கள். உளியும் இழைப்புளியும் ஆற்றோடு போயின. இனி எந்த அறிவிப்பானாலும் சைகையில் படமெடுத்து எல்லார் போனுக்கும் அனுப்புவது என்று செயலாளரம்மா அன்றே முடிவெடுத்தார். கையிலிருந்த போனில் எடுத்துப் பார்த்தால் விரல்கள் ஓடுகிற மின்விசிறியாகக் கலங்கின. "மூணுன்னு காட்டினா அஞ்சுன்னு தெரியுது. வெள்ளம் வர்ற நேரத்துல இது ஆகுமா?"

மூன்று கடை ஏறி இறங்கியாயிற்று. நான்காவது கடைக்காரர் ஒரு புதுக் கேமராவை எடுத்து வைத்தார். "மைக்கைப் பாருங்கம்மா. குண்டூசி விழுந்தாலும் கேக்கும்."

"எங்க ஆளுங்களுக்கு இடி விழுந்தாலும் கேக்காதுங்க. மைக்கைக் கழட்டிட்டு விலையைக் குறைங்க."

கணவரை ஒவ்வொரு கேமராவுக்கு முன்னாலும் நிறுத்தி, வேகமாக ஒரு கதை சொல்ல வைத்தார். மாமியார் வந்திறங்கிய அன்று செயலாளரம்மா சாவியை உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்திய கதை. மலிவானதில் கலங்கல். உயர்ந்ததில் கண்ணாடி போலத் தெளிவு. ஆனால் சங்கத்தின் கை அவ்வளவு உயரம் எட்டாது. கடைசியில் கடைக்காரர் அடித்தட்டிலிருந்து, யாரோ கல்யாண வீடுகளில் படமெடுத்துவிட்டு விற்றுவிட்டுப் போன பழைய கேமரா ஒன்றை எடுத்தார்.

"இது பார்க்க நல்லா இருக்காதேம்மா. தோள்ல மாட்டுற பட்டையெல்லாம் கிழிஞ்சிருக்கு."

"நாங்களா அதைப் பார்க்கப்போறோம்? அதுதானே எங்களைப் பார்க்கணும்."

எடுத்த படத்தைப் போட்டார்கள். பத்து விரலும் பத்தாகத் தெரிந்தன. சைகை தெரியாத கடைக்காரர், வெல்டர் சாவியைத் தேடிச் சட்டைப்பையைத் தட்டிய இடத்தில் சிரித்துவிட்டார்.

"உங்களுக்கே புரிஞ்சிடுச்சில்ல? அப்ப இதையே குடுத்துடுங்க."

ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் முதல் படத்தைத் திரையில் காட்டினார்கள். உறுப்பினர்கள் இரண்டு கைகளையும் உயர்த்தி அசைத்தார்கள். அவர்களுடைய கைதட்டல் அது. செயலாளரம்மா மட்டும் கையைத் தூக்கவில்லை. நேரே கடைசி பெஞ்சுக்குப் போனார். பார்வையும் மங்கிக்கொண்டு வரும் தச்சர் எப்போதும் அங்கேதான் உட்காருவார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் தடித்த மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, தச்சரின் கண்ணுக்கும் விரல் தெரியுமா என்று திரையைப் பார்த்தார்.