காரணம்: மீன்

ஒரகடத்தில் கார் கதவுக்குப் பூட்டு செய்கிற கம்பெனி ஒன்றில் பதினோரு வருடமாகக் குவாலிட்டியில் இருக்கிறேன். லைனில் வரும் பூட்டில் சாவியை நுழைத்து, திருப்பி, காது கொடுத்துக் கேட்டு, சரி என்றால் பச்சை ஸ்டிக்கர், இல்லையென்றால் சிவப்பு. இதனால் எனக்கு வந்த ஒரே வியாதி, பூட்டு சாவி என்று எங்கே யார் பேச்செடுத்தாலும் மூக்கை நுழைப்பது. கல்யாண வீட்டில் பக்கத்து இலைக்காரரிடம்கூட அவர் வண்டியின் லாக்கைப் பற்றி விசாரிப்பேன். என் வீட்டுக்காரர் ஒரு குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். "பூட்டு டாக்டர் வந்துட்டாங்க, எல்லாம் வாயத் தொறந்து காட்டுங்க" என்பார்.

இப்பேர்ப்பட்ட நான், செகண்ட் ஹேண்டில் ஒரு சின்ன கார் வாங்கி, அதனுடன் வந்த இரண்டு சாவிகளில் ஒன்றை மூன்றே மாதத்தில் தொலைத்தேன். எங்கே என்று சத்தியமாகத் தெரியாது. சாவி போனதுகூடப் பரவாயில்லை. அதில் தொங்கிய சங்கிலியில், நம்பர் பிளேட் மாதிரியே சின்னதாக, என் வண்டி நம்பர் இருந்தது. வண்டி வாங்கிய பூரிப்பில் நானே சொல்லிச் செய்தது. எடுத்தவன் இது எந்த வண்டிச் சாவி என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம் பாருங்கள், அவ்வளவு வசதியாகத் தொலைத்திருந்தேன்.

சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பை ஒட்டி ஒரு சாவிக்கடை இருக்கிறது. பெட்டிக்கடை அளவுதான். கடைக்காரருக்கும் என்னைப் போல நாற்பதுக்குப் பக்கத்தில் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, மீன் வாங்கிக்கொண்டு, அங்கே போய் வண்டியை நிறுத்தினேன். இன்னொரு சாவி போட வேண்டும் என்றேன்.

"ஆர்சி வெச்சிகிறீங்களா மேடம்? ஆதாரு?"

"எதுக்கு? என்னப் பாத்தா வண்டி திருடுறவ மாதிரி இருக்கா?"

"மூஞ்சப் பாத்து கண்டுபிடிக்கிறதுன்னா போலீசு எதுக்கு மேடம்? யார் வந்தாலும் கேப்பேன். நாளிக்கி உங்க வண்டிய எவனாச்சும் தள்ளிக்கினு வந்து சாவி போடுன்னா, கேக்காம போட்டுக் குடுத்துடட்டா?"

நியாயமான பேச்சுதான். நியாயமாக யாராவது பேசினால்தான் எனக்கு இன்னும் சுர்ரென்று ஏறும். டேஷ்போர்டிலிருந்து ஆர்சியை எடுத்து அவர் முன்னால் விசிறினேன். அவர் அதைப் பொறுமையாகப் படித்துவிட்டு வேலையைத் தொடங்கினார். சாவியை வெட்டினார். டேப்லெட் மாதிரி ஒரு கருவியின் ஒயரை ஸ்டீயரிங்குக்கு அடியில் சொருகி, புதுச் சாவியில் இருந்த சிப்பை வண்டிக்கு அறிமுகம் செய்துவைத்தார். பிறகு அந்தத் திரையை என் பக்கம் திருப்பினார்.

"இப்ப மூணு சாவி பதிஞ்சிகீது மேடம். தொலஞ்சத அழிச்சிடலாம். மொத்தத்தையும் அழிச்சிட்டு, கையில கீற ரெண்ட மட்டும் திரும்ப ஏத்தணும். அரை அவரு ஆவும்."

"வேணாம்."

"தொலஞ்சது எவன் கையில கெடச்சாலும் அவன் வண்டிய ஸ்டார்ட் பண்ணிக்கினு போயினே இருப்பான். அழிச்சிட்டா கதவ வேணா தொறப்பான், வண்டி கெளம்பாது."

"எனக்கேவா சொல்லித் தர்றீங்க? நான் பூட்டு கம்பெனி. வண்டி டிக்கில மீனு இருக்கு, கெட்டுப்போயிடும். சாவியக் குடுங்க முதல்ல."

அவர் ஒரு நீள நோட்டில் ஏதோ எழுதி, கையெழுத்துக் கேட்டார். கம்பெனியில் ஒரு செக் ஷீட்டைக்கூட மூன்று தரம் படிக்காமல் கையெழுத்துப் போடாதவள், அங்கே நின்றவாக்கில் கிறுக்கிவிட்டு வந்தேன். சங்கரா மீன். குழம்பு பிரமாதம் என்று வேறு அன்றைக்குப் பேர் வாங்கினேன்.

இரண்டு வாரம் கழித்து, இன்னொரு ஞாயிறு. காலையில் ஆராதனைக்குக் கிளம்பி, புடவையும் பைபிளுமாகப் போய்ப் பார்த்தால் வண்டியைக் காணோம். மண்ணூரில் எங்கள் சந்துக்குள் கார் நுழையாது. மெயின் ரோட்டில் மளிகைக்கடைக்குப் பக்கத்துக் காலிமனையில்தான் நிறுத்துவேன். மனை அப்படியே இருந்தது. வண்டிதான் இல்லை. அலறிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

"நல்லா பாத்தியாமே?" என்றார் வீட்டுக்காரர்.

"நல்லா பாக்கறதுக்கு அது இன்னா ஊசியாய்யா? காரு!"

கைப்பையைத் துழாவினேன், சாவி இருந்தது. ஆணியில் பார்த்தேன், புதுச் சாவியும் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு சாவியும் வீட்டில், வண்டி மட்டும் வெளியில். தொலைந்த சாவி ஞாபகத்துக்கு வந்தது. அடுத்த நொடியே, அதை அழிக்க வேண்டாம் என்று நான் சொன்னதும் ஞாபகத்துக்கு வந்தது. அது வெளியே தெரிந்தால் என்ன ஆவது? பூட்டு டாக்டர் மானம் கப்பலேறிவிடும். என் மூளை மளமளவென்று வேலை செய்து வேறொரு ஆளைக் கண்டுபிடித்தது. சாவி போடத் தெரிந்தவன் இரண்டாய் வெட்டி ஒன்றைத் தான் வைத்துக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும்? ஆர்சியில் விலாசம்கூடப் பார்த்தானே!

எங்கள் கம்பெனி பஸ்ஸில் வருகிறவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் க்ரூப் உண்டு. அதில் ஒரு வாய்ஸ் போட்டேன். "ஃப்ரெண்ட்ஸ், என் கார் திருடு போயிடுச்சு. சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்புல இருக்கிற சாவிக்காரன்தான். அவன்கிட்ட யாரும் சாவி போடாதீங்க, எல்லாருக்கும் ஷேர் பண்ணுங்க." குரல் தெளிவாக, கணீரென்று இருந்தது. சர்ச்சில் வாசிப்புக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

அப்புறம் வீட்டுக்காரர் பைக்கில் ஸ்டேஷனுக்குப் போனோம். எஸ்.ஐ. கேட்டார், கடைசியாக வண்டியை எப்போது பார்த்தீர்கள் என்று.

"நேத்து காலையில அஞ்சரைக்கு சார். என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

"அப்புறம்?"

"வேலைக்குப் போனேன். பஸ்ல வந்தேன், படுத்தேன். காலையில பாத்தா இல்ல."

சாவிக்காரன் மேல்தான் சந்தேகம் என்றேன். எஸ்.ஐ. ஒரு கான்ஸ்டபிளை அனுப்பினார். அரை மணியில் சாவிக்காரர் கான்ஸ்டபிளின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தார். பஸ் ஸ்டாப் கூட்டமும் டீக்கடைக் கூட்டமும் பார்க்க, கடையைப் பாதி சாத்தியபடி விட்டுவிட்டு வந்திருக்கிறார். சட்டைப் பையில் சாவி அராவுகிற அரம் அப்படியே இருந்தது.

அவர் நடந்ததைச் சொல்லி முடித்ததும், "டூப்ளிகேட் போடறப்போ, தொலஞ்ச சாவிய அழிக்கணும்னு இவர் உங்ககிட்ட சொன்னாராம்மா?" என்று எஸ்.ஐ. என்னைக் கேட்டார்.

"சொல்லல சார்" என்றேன்.

நாக்கு தடுமாறவே இல்லை. இன்றைக்கு நினைத்தாலும் அதுதான் எனக்கு அசிங்கமாக இருக்கிறது. சாவிக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன், நானாக இருந்தால் கூரையைப் பிய்த்திருப்பேன். அவர் எஸ்.ஐ.யிடம், "நோட்டு கடயில கீது சார்" என்று மட்டும் சொன்னார்.

கான்ஸ்டபிள் மறுபடி போய் நோட்டை எடுத்து வந்தார். எஸ்.ஐ. பக்கத்தைத் தேடிப் பிடித்து, வண்டி நம்பர், தேதி எல்லாம் முணுமுணுத்துவிட்டு, கடைசி வரியைச் சத்தமாகப் படித்தார். "பழைய சாவியை அழிக்க வேண்டாம் என்று சொன்னார். காரணம்: மீன்." நிமிர்ந்து பார்த்தார். "இன்னாமா மீனு?"

அப்போதாவது அடங்கியிருக்கலாம். "நான் கையெழுத்து போட்டப்புறம் எழுதிட்டிருப்பாரு சார்!" என்றேன்.

"அப்புறமா எழுதறவன் மீனுன்னா எழுதுவான்?" என்றார் எஸ்.ஐ.

பக்கத்தில் நின்ற வீட்டுக்காரர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்தச் சமயம் பார்த்து என் போன் சத்தம் போட்டது. பஸ் க்ரூப்பில் ஒரு போட்டோ. ஞாயிறு ஓ.டி.க்கு வந்திருந்த திருநெல்வேலிப் பெண் அனுப்பியிருந்தாள். எங்கள் கம்பெனி பார்க்கிங், வேப்பமரத்தடி, அதன் கீழே இலையும் காக்கா எச்சமுமாக என் கார். கூடவே ஒரு வாய்ஸ். பதற்றத்தில் ஸ்பீக்கரில் அழுத்தித் தொலைத்தேன். "யக்கா, ஒங்க வண்டி இங்கனதான நிக்கு? நேத்து நீங்கதான ஓட்டிட்டு வந்தீக?"

ஸ்டேஷன் முழுக்கக் கேட்டது. எனக்கு அப்போதுதான் எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. சனிக்கிழமை அலாரம் அடிக்கவில்லை. பஸ்ஸை விட்டுவிட்டேன். வீட்டுக்காரர் குறட்டை விட்டுக்கொண்டிருக்க, நான் பறந்தடித்துக்கொண்டு காரை எடுத்தேன். ஷிஃப்ட் முடிந்து நாலு மணி நேரம் ஓ.டி. வேறு. வெளியே வந்தால் பஸ்கள் வரிசையாக நின்றன, கூட்டம் போனது, பதினோரு வருடமாகப் போகிற கால் கூட்டத்தோடு போனது. ஜன்னல் சீட்டில் உட்கார்ந்ததும் தூங்கிவிட்டேன். மண்ணூரில் இறங்கி, பின்பக்கத் தெரு வழியாக வீட்டுக்கு நடந்தேன்.

"வண்டிய அங்க கொண்டுபோய் வெச்சது யாருமா?" என்றார் எஸ்.ஐ.

"நான்தான் சார்."

"அப்ப உன் மேலயே கேஸ் போட்டுடவா?"

கான்ஸ்டபிள்கள் சிரித்தார்கள். வீட்டுக்காரரும் அடக்க முடியாமல் சிரித்தார். நானே அசடு வழிய ஒரு சிரிப்பு சிரித்தேன். சாவிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. நோட்டை வாங்கி அக்குளில் வைத்துக்கொண்டு, "நான் போலாமா சார்?" என்று கேட்டார். இட்டுவந்த பைக் திரும்பக் கொண்டுபோய் விடவில்லை. நடந்து போனார். நான் எஸ்.ஐ.யிடம் நாலு தரம் சாரி சொன்னேன். அவரிடம் ஒரு தரம்கூடச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து அந்த வாய்ஸை அழித்தேன். க்ரூப்பிலிருந்து போய்விட்டது, ஊரிலிருந்து போகவில்லை. செவ்வாய்க்கிழமை குன்றத்தூரிலிருந்து என் நாத்தனார் எனக்கே அனுப்பினாள், "பாத்து அண்ணி, சுங்குவார்சத்திரத்துல எவனோ திருட்டு சாவிக்காரனாம், உஷாரா இருங்க" என்று. போட்டுக் கேட்டேன். என் கணீர்க் குரல். யாரோ இரண்டு பக்கமும் வெட்டிச் சின்னதாக்கியிருந்தார்கள். "சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்புல இருக்கிற சாவிக்காரன்தான். அவன்கிட்ட யாரும் சாவி போடாதீங்க" மட்டும் மிச்சம். யார் பேசுவது என்று அவளுக்கே தெரியவில்லை. தப்பு என் மேல்தான் என்று பஸ் க்ரூப்புக்கு இன்னொரு வாய்ஸ் பேசி அனுப்பினேன். அதற்குச் சிரிக்கிற பொம்மை நிறைய வந்தது. ஒருத்தரும் அதை யாருக்கும் அனுப்பவில்லை.

அடுத்த ஞாயிறு கடைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துப் போனவள், அவரைப் பார்த்ததும் வேறு பேசினேன். "அந்தச் சாவிய அழிச்சிடுங்க" என்றேன்.

"ஆர்சி, ஆதாரு, ரெண்டு சாவி" என்றார்.

"அதான் நோட்டுலயே இருக்கே."

"அது அன்னிக்கி மேடம்."

எல்லாம் எடுத்துக் கொடுத்தேன். ஒயரைச் சொருகிவிட்டு அவர் கருவியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஸ்கூட்டர் சாவி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒருத்தர் வந்தார். கடையை உற்றுப் பார்த்தார்.

"இன்னாபா, உன்னதானே போலீசு இட்டுக்கினு போச்சு? கார் மேட்டராமே?"

சாவிக்காரர் நிமிரவில்லை. "விசாரிச்சிட்டு உட்டாங்கண்ணே."

"சரி சரி. நான் அப்பால வர்றேன்." அவர் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு நடந்தார்.

"காலையிலேர்ந்து இவரு நாலாவது ஆளு" என்றார் சாவிக்காரர், கருவியைப் பார்த்தபடியே. என்னைக் குத்திக் காட்டுகிற மாதிரிகூட அவர் சொல்லவில்லை. எனக்கு அழுகை முட்டிவிட்டது.

"அண்ணே, நில்லுங்க!" என்று ரோட்டில் இறங்கிக் கத்தினேன். அந்த ஆள் திரும்பினார். பஸ்ஸுக்கு நின்றவர்களும் திரும்பினார்கள். "அவர் மேல ஒரு தப்பும் இல்ல. போலீசுல சொன்னவ நான்தான். வண்டிய கம்பெனியிலயே விட்டுட்டு பஸ்ல வந்து தூங்கினவளும் நான்தான். அவரு சாவிய அழிக்கச் சொன்னாரு. நான் வேணாம்னேன். ஸ்டேஷன்ல அவரு சொல்லவேயில்லைன்னு பொய் சொன்னேன்."

"ஏம்மா வேணாம்ன?"

"மீனு கெட்டுடும்னு."

அந்த ஆள் சிரித்துக்கொண்டே திரும்பி வந்து, ஸ்கூட்டர் சாவியைக் கடைப் பலகை மேல் வைத்தார்.

சாவிக்காரர் என் இரண்டு சாவிகளையும் ஏற்றிமுடித்து, நோட்டில் எழுதி என் பக்கம் தள்ளினார். "படிச்சிட்டுப் போடுங்க" என்றார். எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டுப் போட்டேன். அவரைப் பார்த்து "மன்னிச்சிடுங்க" என்றேன். அவர் ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டார்.

"அந்த ஸ்டூல கொஞ்சம் குடுங்க" என்றேன்.

"எதுக்கு மேடம்? வேல முடிஞ்சுதே."

"இன்னும் யார்னா வருவாங்கல்ல. கேப்பாங்க. நீங்க வேலையப் பாருங்க, பதில் நான் சொல்றேன்."

அன்றும் வண்டி டிக்கியில் மீன் இருந்தது. கெட்டால் கெடட்டும் என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அடுத்த பஸ் வந்து நின்றது.