கொட்டாஞ்சேனையின் இரகசிய மழை

ஸ்ரனிஸ்லாஸ் யப்பான்காரனுக்கு ரெலிபோனில் சேதி சொல்லுகிறாராம். தேநீர்க் கடை ஸாலிஹ் இதைத் தன் கண்ணால் கண்டவரில்லை. முடிவெட்டும் மஷூர் சொன்னதாகத்தான் சொன்னார். மஷூரிடம் கேட்டால், "ஊரே செல்லுது" என்பார். 1942ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கொட்டாஞ்சேனைக்கு அதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை.

தினமும் காலை எட்டரைக்கு ஸ்ரனிஸ்லாஸ் ரெலிபோனில் ஓர் எண்ணைச் சொல்லிவிட்டு வைப்பது உண்மைதான். மறுமுனையில் இருந்தது மழைக் கணக்கு எடுக்கும் அரசாங்கக் கந்தோர்.

அவர் துறைமுகத்தில் மூட்டை எண்ணும் கிளாக்கர். இருபத்திரண்டு வருடங்களாக அவர் எண்ணிய அரிசி மூட்டைகளில், கப்பல்காரனோ வியாபாரியோ சண்டைக்கு வராத மூட்டை ஒன்றுகூட இல்லை. மழையை எண்ணினால் யாரும் சண்டைக்கு வருவதில்லை என்பதை 1928இல் கண்டுகொண்டார். அந்த வருடந்தான் கந்தோர் அவருடைய வேலியோர முற்றத்தில் ஒரு செப்பு மழைமானியை நட்டு, உள்ளே போத்தலும் கையில் அளவுக் கிளாசும் தந்தது. சம்பளம் கிடையாது, வருடப் பிறப்புக்கு ஒரு நன்றிக் கடிதம். பதினான்கு கடிதங்கள் திரு இருதயப் படத்தின் இரு பக்கமும் சட்டம் போட்டுத் தொங்கின.

ஒரு நாளும் தவறியதில்லை. மாமியாரின் சவப்பெட்டியைத் தூக்கும்போது எட்டு இருபத்தைந்து. ஐந்து நிமிடம் இறக்கி வைக்கச் சொன்னார். மனைவி செலீன் அதை மன்னித்துவிட்டாள். மன்னித்துவிட்டதை இன்றுவரை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

முன்பெல்லாம் அளந்த கையோடு ஸாலிஹின் கடைக்கு வந்து மழை எவ்வளவென்று அறிவிப்பார். ஒரு பிளேன்ரீ பந்தயத்தோடு ஆட்கள் காத்திருப்பார்கள். யப்பான் யுத்தத்தில் இறங்கியதும் கந்தோரிலிருந்து உத்தரவு வந்தது: எதிரி விமானங்களுக்கு வானிலை தெரிந்துவிடக் கூடாது, மழை இனி இராணுவ இரகசியம், கந்தோரைத் தவிர ஒருவருக்கும் சொல்லக் கூடாது. தபாலை நம்ப முடியாதென்று வீட்டுக்கு ரெலிபோனும் வந்தது. உத்தரவை அவர் வேதத்தின் பத்துக் கட்டளைகளோடு பதினொன்றாவதாகச் சேர்த்துக்கொண்டார். சொட்டச் சொட்ட நனைந்து கடைக்குள் நுழைவார்.

"என்ன தொரே, வெளிய மழயா?" என்பார் ஸாலிஹ்.

"எனக்குத் தெரியாது."

அப்புறம் வதந்தி பிறக்காமல் என்ன செய்யும்?

உயிர்த்த ஞாயிறன்று காலைப் பூசை முடிந்து வீட்டுக்கு வந்த சற்று நேரத்தில் விமானங்கள் வந்தன. துறைமுகப் பக்கம் குண்டுகள் விழுந்து ஓய்ந்தபோது, ஸ்ரனிஸ்லாஸ் மேசைக்கடியிலிருந்து எழுந்து மணிக்கூட்டைப் பார்த்தார். தெருவில் சனங்கள் மூட்டை முடிச்சோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். செலீனின் தம்பி பேர்னாட், ஹெந்தளையிலிருந்து முதல் நாளே கொண்டுவந்திருந்த மாட்டு வண்டியை வாசலில் பூட்டி நிறுத்தினான்.

"அத்தான், ஏறுங்கோ. மாடு மிரளுது."

"எட்டரைக்கு இன்னும் நாலு நிமிசம் கிடக்கு."

"குண்டு போடுறவன் உங்கட மணிக்கூட்டைப் பாத்தே போடுறான்?" என்றாள் செலீன்.

போத்தலில் ஒரு துளி இல்லை. ஆனாலும் கிளாசைக் கண்மட்டத்தில் பிடித்துப் பார்த்துவிட்டே கொப்பியில் எழுதினார். பிறகு கந்தோருக்கு ரெலிபோன் எடுத்தார். மணி அடித்தது, எடுப்பாரில்லை. மூன்று தரம் அப்படியே.

"ஊரை விட்டுப் போறதெண்டா முன்னமே அறிவிக்கோணும், செலீன். அப்பத்தான் வேற ஆளை அனுப்புவினம். இல்லாட்டி நாளைக்கு ஒரு நாள் விடுபட்டுப் போகும்."

"அவையும் ஓடியிருப்பினம்."

கந்தோர் ஓடக்கூடும் என்பது அவருக்கு அதுவரை தோன்றவில்லை.

"நான் போறன். நீங்க வாறதெண்டா வாங்கோ" என்று செலீன் அவரை வெளியே தள்ளிக் கதவைப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

பதினாலு வருடம். ஸ்ரனிஸ்லாஸ் தெருவை மேலும் கீழும் பார்த்தார். ஓடாமல் நின்றவர் ஒருவர்தான்.

"நீங்க போகேல்லையா, ஸாலிஹ்?"

"நான் எங்க போற? கடயத் தூக்கிட்டா ஓடுற?"

ஸ்ரனிஸ்லாஸ் இன்னும் பிடித்திருந்த கிளாசையும் கொப்பியையும் அவர் கையில் வைத்தார். "நாளைக்கு எட்டரைக்கு. கண்மட்டத்தில பிடிச்சுப் பாக்கோணும். ஒருத்தருக்கும் சொல்லக் கூடாது."

"சரி தொரே. இண்டக்கி எவ்வளவு?"

இரு பக்கமும் பார்த்துவிட்டு, ஸாலிஹின் காதருகே குனிந்தார். "சுழி."

"இதயா தொரே நாலு மாசமா மறச்ச?"

ஸ்ரனிஸ்லாஸ் ஏறிய வண்டி பத்து முழம் போயிருக்காது. பூட்டிய வீட்டுக்குள் ரெலிபோன் அடித்தது.

"செலீன், சாவி!"

அவள் சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பை மூடிக்கொண்டு, துறைமுகப் புகையைப் பார்த்தபடி இருந்தாள். பேர்னாட் மாட்டை நிறுத்துவதா விடுவதா என்று தெரியாமல் கயிற்றைப் பிடித்திருந்தான். பின்னால், அளவுக் கிளாசைத் தூக்கிக் காட்டியபடி ஸாலிஹ் தெருவே கேட்கக் கத்தினார்:

"தொரே! யப்பான்லேந்து போல!"

மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.