பட்டி பூசிய கதவுகள்

பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் ஜீப்காரருக்கு எல்லாரும் வைத்திருந்த பெயர் பூட்டு. பெற்றவர்கள் வைத்த பெயரை அவர் மனைவிகூடக் கோபம் வந்தால்தான் எடுப்பாள். பிள்ளைகளுக்கு அவர் பூட்டு மாமா.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. அந்த ஜீப் அவரைவிட நாலு வயது மூத்தது. அதைச் செய்த மகராசன் எல்லாவற்றையும் கழற்றி மாட்டுகிற மாதிரிச் செய்துவிட்டான். கதவைக் கீலிலிருந்து மேலே தூக்கினால் கையோடு வந்துவிடும். கூரை வெறும் தார்ப்பாய். ஸ்டெப்னி, டீசல் கேன், மண்வெட்டி எல்லாம் வெளியிலேயே தொங்கும். ஓட்டுகிறவனுக்கு எவ்வளவு சௌகரியமோ, திருடுகிறவனுக்கும் அவ்வளவு சௌகரியம்.

முதலில் கேன் போனது. பிறகு வைப்பர், அதற்கப்புறம் பக்கவாட்டுக் கண்ணாடி. ஒவ்வொன்று போனதும் அவர் ஒரு பூட்டு வாங்கினார். ஸ்டெப்னிக்குச் சங்கிலி, பானட்டுக்குக் கொண்டி, டேங்க் மூடிக்குத் தனிப் பூட்டு. இடுப்பில் சாவிக்கொத்து தொங்க அவர் நடந்து வந்தால் ஜெயில் வார்டன் வருகிறார் என்று நினைத்துக்கொள்ளலாம். புது வைப்பர்கள் தினமும் சாயங்காலம் வீட்டுக்குள் வந்து பீரோ மேல் படுத்துக்கொண்டன.

"ஏங்க, அந்த ஸ்டியரிங்கையும் கழட்டிட்டு வந்து தலைமாட்டுல வெச்சுக்கோங்களேன். நான் வேணா வாசல்ல படுத்துக்கறேன்" என்றாள் மனைவி. அவர் அதை உண்மையிலேயே யோசித்துப் பார்த்தார் என்பதுதான் கொடுமை.

இவ்வளவு காவல் காத்தும், பல் பிடுங்கப் போன அரை மணி நேரத்தில் இரண்டு கதவுகளும் போய்விட்டன. பல்லும் போச்சு, கதவும் போச்சு. வீங்கிய கன்னத்தோடு தெருவில் நின்று திருடனின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினார். பாதி வார்த்தை பஞ்சுக்குள் சிக்கிக்கொண்டது. அதிலும் அவருக்கு ஆத்திரம்.

ஜீப்பில் வருவது எட்டுப் பிள்ளைகள். ஐந்து பேர் பின்னால், மூன்று பேர் முன்னால். மறுநாள் காலை, இருப்பதிலேயே சின்னப் பெண்ணின் அப்பா மகளைக் கையில் பிடித்துக்கொண்டு தயங்கினார்.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. கதவு இல்லாம எப்படி நம்பி ஏத்தி விடறது?"

நியாயமான கேள்வி. மற்றவர்களும் அதையே கேட்டு, பிள்ளைகளை ஏற்றாமல் கூட்டிக்கொண்டு போனார்கள். ஒரு வேன்காரர் அந்தத் தெருவை ஏற்கெனவே இரண்டு தடவை சுற்றிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். பிள்ளைகள் அந்த வேனில் ஏறிவிட்டால் பூட்டின் குடும்பத்துக்கு வேறு பிழைப்பு கிடையாது.

அன்றைக்கே பழைய சாமான் சந்தைக்கு ஓடினார். அதே ரக ஜீப்பின் இரண்டு கதவுகள், புதிதாகக் கறுப்பு அடித்துச் சுவரில் சாய்ந்திருந்தன. பேரம்கூடப் பேசவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து, தேய்த்து, பச்சை அடித்து, மூன்று மூலைத் தலை வைத்த போல்ட்டாகக் கடைசல் பட்டறையில் செய்து வாங்கி முறுக்கினார். அதைக் கழற்றும் சாவி உலகத்திலேயே அவர் இடுப்பில் மட்டும்தான் இருந்தது. பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். வேன்காரர் வேறு தெரு பார்த்துப் போனார்.

ஆறு மாதம் கழித்து மெக்கானிக் ஒரு யோசனை சொன்னார். "பூட்டை எவன் வேணா உடைப்பான். ஒவ்வொரு பாகத்திலயும் வெளியில தெரியாத இடமாப் பாத்து ஒரு குறி அடிச்சு வைங்க. எங்க போனாலும் உங்களுதுன்னு அடிச்சுச் சொல்லலாம்."

பூட்டுக்கு அது பிடித்துப்போனது. ஞாயிற்றுக்கிழமை உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்தார். பானட், சக்கர வளையம், கூரைக் கம்பி என்று ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தார். கதவின் உள்விளிம்பில், கீலுக்குக் கீழே பெயின்ட்டைச் சுரண்டியபோது பட்டி செதில் செதிலாகப் பெயர்ந்தது. அதற்கடியில் ஒரு முக்கோணம், அதற்குள் மூன்று புள்ளி. அடுத்த கதவிலும் அதே இடத்தில் அதே குறி.

அந்த இடம் அவருக்குப் புதிதில்லை. பச்சை அடிப்பதற்கு முன்னால் தடவிப் பார்த்தபோது கட்டைவிரல் அங்கே நின்றது. என்னவோ பள்ளம் என்று பட்டி பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வழவழவென்று ஆக்கியவர் அவரேதான். மூன்று புள்ளியும் முக்கோணமும் பள்ளமாகத்தான் தோன்றியதா, அல்லது அப்படித் தோன்றினால் தேவலை என்று இருந்ததா? அதை இப்போது கேட்டு என்ன பிரயோஜனம், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று.

டீ கொண்டுவந்த மனைவி குனிந்து பார்த்தாள்.

"இது யாரோட குறி?"

அவர் உளியைக் கீழே வைத்தார்.

"அடப்பாவமே! திருடனை இந்தத் திட்டு திட்டினோமே, அவன்கிட்ட சரக்கு வாங்கினதே நாமதானா?"

'நீங்க' என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பார். அவள் 'நாம' என்றாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் அந்தக் குறியைத் தாளில் வரைந்து மெக்கானிக்கிடம் காட்டினார்.

"இது நிலம் அளக்குற சர்வேயரம்மா வண்டிக் குறி. நான்தான் அடிச்சுக் குடுத்தேன். கதவு களவுபோயி ரெண்டு வருஷமாச்சு, பாவம். எங்க பாத்தீங்க?"

"எங்கயோ பாத்தேன்" என்று சொல்லிவிட்டு நழுவினார். திருடனுக்குத் தேள் கொட்டின கதை. யாரிடமும் சொல்லவும் முடியாது, சொல்லாமல் இருக்கவும் முடியாது. கதவைக் கொடுத்தால் பிள்ளைகள் போய்விடுவார்கள். கொடுக்காவிட்டாலோ, ஒவ்வொரு காலையும் அந்தக் கதவைத் திறந்துதான் அவர்களை ஏற்ற வேண்டும். நாலு நாள் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை மனைவி கேட்டாள். "மறுபடி பட்டி பூசிடலாமான்னு தோணுதா?"

"தோணுது."

"எனக்கும் தோணுச்சு. அதான் பயமா இருக்கு. போய்க் குடுத்துட்டு வந்துடுங்க."

"பிள்ளைங்க?"

"போனா போகட்டும். கை காலு இருக்கு, வேற ஏதாவது பண்ணிக்கலாம்." அப்படிச் சொன்னாளே தவிர, புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

சனிக்கிழமை ஜீப்பை எடுத்துக்கொண்டு போனார். சர்வேயரம்மா வீட்டு வாசலில் அதே ரக ஜீப் நின்றது. கதவு இருக்க வேண்டிய இடத்தில் இருபுறமும் கித்தான் துணியைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். அந்த அம்மா நிலம் அளக்கும் கருவியின் முக்காலியிலிருந்து சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே நாற்காலியில் அவள் கணவர், இடது காலை நீட்டி ஒரு ஸ்டூலின் மேல் வைத்திருந்தார்.

பூட்டு சந்தையில் கதவு வாங்கியதையும், அதில் குறி கண்டதையும் சொன்னார். அந்த அம்மா எழுந்து அவர் ஜீப்புக்கு வந்து, கதவிலிருந்த குறியின் மேல் விரலை ஓட்டினாள்.

"கதவு போன மறு வாரம். சைட்டுக்கு அவசரம், வேற வண்டி கிடைக்கல. வளைவுல திருப்பறேன், பக்கத்து சீட்டுல இவரைக் காணோம்."

"வண்டி நிக்கறதுக்கு முன்னாடியே நான் இறங்கிட்டேன்" என்றார் கணவர். அவரே சிரித்தும் கொண்டார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"வாங்கும்போது இந்தக் குறி தெரியலையா உங்களுக்கு?"

தெரியவில்லை என்று சொல்லிவிடலாம். பெயின்ட்டுக்கு அடியில் இருந்தது, யார் நம்பமாட்டார்கள்?

"விரல்ல தட்டுப்பட்டுச்சும்மா. பட்டி வெச்சு மூடிட்டேன். அப்ப எனக்குக் கதவு வேணும், அந்த ஒரே நினைப்புதான். என்னை மன்னிச்சிடுங்க."

அந்த அம்மா குறியின் மேலிருந்து விரலை எடுத்தாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை.

"வண்டியில யாரை ஏத்தறீங்க?"

"பள்ளிக்கூடப் பிள்ளைங்க. முன்னாடி மூணு பேர்."

அவள் ஒருமுறை உள்ளே திரும்பி நாற்காலியைப் பார்த்தாள். "ஓட்டற பக்கத்துக் கதவை மட்டும் கழட்டுங்க. நான் ஒருத்திதான் ஓட்டறேன், எனக்கு அது போதும். அந்தப் பக்கத்துக் கதவு பிள்ளைங்களுக்கு இருக்கட்டும். இவர் இப்பல்லாம் வண்டின்னாலே ஏற மாட்டேங்கறார்."

மூன்று மூலைச் சாவி போல்ட்டில் உட்கார மறுத்தது. இரண்டு தடவை வழுக்கி, மூன்றாவது தடவைதான் பிடித்தது. கதவை அவளுடைய ஜீப்பில் மாட்டிக் கொடுத்துவிட்டு, தன் பக்கம் திறந்து கிடக்க, மெதுவாக ஓட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

திங்கட்கிழமை காலை, சின்னப் பெண்தான் முதலில் பார்த்தாள். "மாமா, உங்க கதவு எங்க? திருடிட்டாங்களா?"

அவள் அப்பா பின்னாலேயே நின்றார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஐயோ பாவம் என்று தெருவே கூடியிருக்கும்.

"இல்லடா கண்ணு. அது திருட்டுக் கதவு. தெரிஞ்சும் தெரியாத மாதிரி மாமாதான் வெச்சிருந்தேன். உரியவங்ககிட்ட குடுத்துட்டேன். இந்தப் பக்கத்துக் கதவை உங்களுக்காக அவங்களே குடுத்தாங்க."

அப்பா அவரைப் பார்த்தார், கதவில்லாத அவர் பக்கத்தைப் பார்த்தார். பூட்டு தலையைக் குனிந்துகொண்டு, அப்பாவின் கை மகளை எப்போது வீட்டுப் பக்கம் இழுக்கும் என்று காத்திருந்தார்.

அந்தக் கை மகளைத் தூக்கி சீட்டில் உட்கார வைத்தது. பையை மடியில் வைத்துவிட்டு, கதவை அழுத்திச் சாத்தி, ஒருமுறை ஆட்டிப் பார்த்துக்கொண்டது.

"பாத்துப் போங்கண்ணே" என்றார் அப்பா.